தண்ணீர் காத்த கால்வாய்

பிரிட்டனின் மேற்கே மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். அதன் வடகிழக்குப் பகுதியில், டீ என்னும் ஆற்றின் கரையில் அமைந்திருப்பது லாங்கொலன் என்ற சிற்றூர். ஊரின் நடுவே ஆறு பாறைகளில் மோதி இரைந்து ஓடுகிறது. ஆற்றுக்குச் சற்று மேலே, மலைச்சரிவை ஒட்டி, மற்றொரு நீர்ப்பாதை ஓசையின்றிச் செல்கிறது. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் மனிதர் கைகளால் வெட்டப்பட்ட லாங்கொலன் கால்வாய் அது. அதில் படகேறிச் சிறிது தூரம் சென்று வருவதற்கென்றே பல நாட்டு மக்களும் இங்கு வருகின்றனர். நாங்களும் ஒரு கோடைக்காலத்தில் சென்று கண்டோம்.

இங்குள்ள படகுகளில் சிலவற்றைக் குதிரைகள் இழுக்கின்றன. 1884-ஆம் ஆண்டிலேயே இவ்வூர்ப் படகுத்துறையில் இத்தகைய உல்லாசப் பயணம் தொடங்கிவிட்டது. நீண்டு ஒடுங்கிய படகிலிருந்து செல்லும் கயிற்றின் மறுமுனை, கரையோரப் பாதையில் நடக்கும் குதிரையின் சேணத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறது. நடத்துபவர் குரல் கொடுத்ததும் குதிரை அடியெடுத்து வைக்கிறது. படகு நகர்வதே தெரியாமல் நகர்கிறது. எஞ்சின் ஒலி இல்லை, புகை இல்லை. குளம்பொலியும் பறவைகளின் குரலுமே செவியில் விழுகின்றன. முக்கால் மணி நேரம் இவ்வாறு கழிகிறது.

இத்தனை பேரையும் ஒற்றைக் குதிரை இழுக்கிறதே என்று எங்களுடன் வந்த தாய்மார் சிலர் மனம் இரங்கினர். ஆனால் நின்ற படகை அசைப்பதற்குத்தான் குதிரை சற்று முயல வேண்டும். அதன் பின்னர் பாரத்தை நீரே தாங்கிக்கொள்கிறது. நல்ல சாலையில் சுமார் 2 டன் சுமையை இழுக்கும் குதிரை, அசைவற்ற நீரில் 30 டன் சுமையை இழுத்துச் செல்லும். ரயில் தோன்றாத அக்காலத்தில், நிலக்கரியையும் இரும்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு செல்ல நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டதன் காரணம் இதுவே.

மெர்சி, டீ, செவர்ன் ஆகிய மூன்று ஆறுகளையும் ஒரே கால்வாயால் இணைப்பதே இங்கு முதலில் வகுத்த திட்டம். வில்லியம் ஜெஸ்ஸப், தாமஸ் டெல்ஃபோர்டு ஆகிய இரு பொறியாளர்கள் அப்பொறுப்பை ஏற்றனர். டெல்ஃபோர்டு ஸ்காட்லாந்தில் ஓர் ஆட்டிடையரின் மகனாகப் பிறந்து, கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர். அவர்கள் வழியில் டீ ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. படகுகளைப் படிப்படியாக இறக்கி மீண்டும் ஏற்றுவதற்கு மதகுகள் பல கட்டினால் காலமும் நீரும் வீணாகும். ஆகவே பள்ளத்தாக்கின் மேலே கால்வாயையே தூக்கிச் செல்லும் தொட்டிப்பாலம் ஒன்றைக் கட்டத் துணிந்தனர். பொண்ட்கசல்தே என்பது அதன் பெயர்.

1795-இல் தொடங்கிய பணி 1805 நவம்பரில் நிறைவுற்றது. பாலத்தின் நீளம் 307 மீட்டர். ஆற்றிலிருந்து உயரம் 38 மீட்டர். 18 கல்தூண்கள் அதனைத் தாங்குகின்றன. சுண்ணாம்புடன் எருதின் இரத்தம் கலந்த சாந்தினால் தூண்களைக் கட்டினர். பாரம் குறையும்படி அவற்றின் மேற்பகுதியை உள்ளே கூடாக விட்டனர். மேலே வார்ப்பிரும்புத் தகடுகளை இணைத்துத் தொட்டி அமைத்து, இணைப்புகளில் நீர் கசியாதிருக்கக் கம்பளித் துணியும் ஈயக் கலவையும் இட்டு அடைத்தனர். இத்துணை உயரத்தில் பத்தாண்டுகள் நடந்த வேலையில் உயிரிழந்தவர் ஒருவரே என்பர். அக்கால வழக்கத்தை நோக்கினால், தொழிலாளரின் பாதுகாப்பில் காட்டிய அக்கறைக்கு அதுவே சான்று.

எஞ்சின் பூட்டிய மற்றொரு படகில் ஏறி அப்பாலத்தைக் கடந்தோம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உள்ளன. மறுபக்கம் தடுப்பே கிடையாது. நீர்மட்டத்திற்குச் சில அங்குலமே உயர்ந்த இரும்பு விளிம்பு. அதற்கப்பால் வெறும் வெளி. இருக்கையில் அமர்ந்தபடியே கீழே நோக்கினால் மரங்களின் உச்சியும் அவற்றுக்கிடையே ஆறும் தெரிகின்றன. பேசிக்கொண்டிருந்தவர்கள் மௌனமாயினர். சிறுவர் எட்டிப் பார்க்க, பெற்றோர் அவர்களை இழுத்து அணைத்துக்கொண்டனர். மறுகரை சேர்ந்த பின்னரே பேச்சு மீண்டது.

இத்துணை அரும்பாடுபட்டுக் கட்டிய பாலம் தன் முதல் நோக்கத்தை அடையவில்லை என்பதுதான் வியப்பு. பாலத்திற்கு அப்பால் வடக்கே செல்ல வேண்டிய பெருவழி வெட்டப்படவே இல்லை. பணமும் ஊக்கமும் குன்றிப்போக, டிரெவர் என்ற இடத்தோடு கால்வாய் நின்றது. வடக்கிலிருந்து வரவேண்டிய நீரும் வரவில்லை. எனவே லாங்கொலனுக்கு மேலே டீ ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி, அங்கிருந்து நீரைக் கொணர ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை 1808-இல் முடித்தனர். நாங்கள் குதிரைப் படகில் சென்றது இந்தத் துணை வாய்க்காலில்தான்.

பின்னர் ரயில் வந்தது. சுமைகள் தண்டவாளத்திற்கு மாறின, படகுகள் குறைந்தன. 1944-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்கால்வாயில் படகுப் போக்குவரத்து கைவிடப்பட்டது. இவ்வாறு கைவிடப்பட்ட கால்வாய்கள் பல மண்மூடி மறைந்தன. இது மறையாமைக்குக் காரணம், தடுப்பணையிலிருந்து வந்த தண்ணீர். ஓடிய நீர் செஷையர் மாவட்டத்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தைச் சென்றடைந்து, மக்களின் குடிநீராயிற்று. இன்றும் நாளொன்றுக்கு சுமார் 1 கோடியே 20 லட்சம் காலன் நீர் இவ்வழியே செல்கிறது. பாரம் சுமந்த காலம் முடிந்தபோதும், தாகம் தீர்த்த பணி முடியவில்லை. அதனால் கால்வாய் பிழைத்தது.

ஆயினும் நீர் ஓடினால் மட்டும் போதாது. கரையையும் காக்க வேண்டும். 1945 செப்டம்பரில் லாங்கொலனுக்கு அருகே இதன் கரை உடைந்து, கீழே இருந்த ரயில்பாதையின் மண்ணை அரித்துச் சென்றது. விடியற்காலையில் வந்த ரயில் வண்டி அப்பள்ளத்தில் விழ, ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1946-இல், நாட்டின் பழைய நீர்வழிகளைக் காக்க எல்.டி.சி. ரோல்ட், ராபர்ட் ஐக்மன் முதலியோர் ஒரு சங்கம் நிறுவினர். அத்தகையோர் முயற்சியால் மக்களின் பார்வை மெல்ல மாறியது. ஓய்வு நாளில் படகேறுவோர் பெருகினர். 2009-இல் தொட்டிப்பாலத்தையும் அதனைச் சார்ந்த 18 கிலோமீட்டர் கால்வாயையும் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நம் இல்லங்களிலும் இதற்கொப்பான காட்சியைக் காண்கிறோம். உழைத்துப் பொருள் ஈட்டிய பெரியவர், உடல் தளர்ந்தபின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறார். வருவாய் நின்றுவிட்டதால் அவரால் பயனில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் கதையும், சண்டையிடுவோரை அமர்த்தும் அவருடைய ஒரு சொல்லும், எவரும் கவனியாமலே குடும்பத்தினுள் ஓடிக்கொண்டிருக்கும் நீர் அல்லவா? அந்த ஊற்று ஓடும்வரை கரையைக் காப்பது நம் கடமை.

லாங்கொலன் செல்வோர் படகோடு திரும்பிவிடலாகாது. துறையிலிருந்து கரையோரமாகச் சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால் அந்தத் தடுப்பணையை அடையலாம். குதிரை லாடம்போல் வளைந்து, ஆற்று நீரை மெல்லிய திரையாக வழியவிடுகிறது. அதன் ஓரத்தில், கால்வாய்க்குள் புகும் நீரை அளப்பதற்கென ஒரு சிறு கட்டடம் உண்டு. அதற்குப் பொண்ட்கசல்தேயின் புகழும் இல்லை, அதைக் காணக் கூட்டமும் இல்லை. தொட்டிப்பாலத்தை நிற்கச் செய்தவர் பொறியாளர். அதற்கு உயிர் கொடுப்பது, இங்கே அமைதியாக உள்ளே திரும்பும் தண்ணீர்.