நுரையும் நீரும்

நாள்தோறும் நிகழும் சிறு செயல்கள் பெரும்பாலும் சிந்தனைக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. உண்பதைப் பற்றியும் உடுப்பதைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆடவன் காலையில் கண்ணாடி முன் நின்று முகம் மழிப்பதைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. வள்ளுவர் மழித்தலைக் குறிப்பிட்டபோதும் அவருடைய கருத்துத் துறவு வேடத்தின் மீதே சென்றது. தூரிகையால் நுரை எழுப்பி, ஒற்றை பிளேட் கொண்டு மழிக்கும் பழைய முறைக்கு அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர் திரும்பி வருகின்றனர். எந்தச் சவர்க்காரம் சிறந்தது என்பதே அவர்கள் முதலில் எழுப்பும் வினா. வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. அவ்விடையைத் தேடிச் செல்வோன் இரசாயனவியலையும் புவியியலையும் ஈற்றிற் சமூக வரலாற்றையும் தொட நேர்கின்றது.

தன் முகத்தைத் தானே மழித்தல் பெரும்பாலோரைப் பொறுத்தவரையில் அண்மைக்கால வழக்கமேயாகும். பாரிஸ் நகரின் கத்தித் தொழிலாளரான ஜோன் ஜாக் பெரே என்பவர் 1769 ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். தன்னைத் தானே மழித்துக்கொள்ளக் கற்கும் கலை என்பது அதன் தலைப்பின் பொருள். அக்காலத்தில் அது நூல் கொண்டு கற்பிக்கப்பட வேண்டிய அரிய கலையாக இருந்தது என்பதை அத்தலைப்பே உணர்த்தும். பின்னர் அமெரிக்காவிற் கிங் காம்ப் ஜில்லெற் என்பார் 1901 இல் நிறுவனமொன்றைத் தொடங்கி, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேட் பொருத்திய சவரக்கருவியை உருவாக்கினார். விற்பனை தொடங்கிய 1903 இல் விலைபோனவை 51 கருவிகளும் 168 பிளேட்டுகளுமே. 1904 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்கு இக்கருவி வழங்கப்பட்டதன் பின்னர் அது உலகெங்கும் வீடுகளுட் புகுந்தது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இம்மாற்றத்திற்கு வேறொரு பொருளும் இருந்தது. அங்கே சவரத் தொழில் குடிமை முறையுடன் பிணைந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறித்த சில வீடுகளுக்குக் குறித்த ஒரு குடும்பத்தவர் தொழில் செய்வர். நெல்லாகவும் பிற பொருளாகவும் கூலி பெறுவர். மங்கல வினைகளிலும் மரணச் சடங்குகளிலும் அவர்களுக்குக் கடமைகள் இருந்தன. அவர்களைக் குடிமகன் என்னும் பெயராற் சுட்டினர். இன்று நாட்டில் உரிமையுடைய மனிதனைக் குறிக்கும் அதே சொல், அன்று உரிமை மறுக்கப்பட்ட ஒருவனைக் குறித்து நின்றமை எண்ணிப் பார்த்தற்குரியது. சலூன்கள் தோன்றியதும் அத்தொழில் திண்ணையிலிருந்து தெருவுக்கு வந்தது. பாதுகாப்புச் சவரக்கருவி வந்ததும் அது வீட்டின் கிணற்றடிக்கு வந்தது. கத்தி இடம் மாறியபோது கைவினையறிவும் உடன் மாறியதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குக் கற்கச் சென்ற கலைப்பீட மாணவன் ஒருவனுடைய அனுபவம் இதனை விளக்க உதவும். பல பிளேட்டுகளை அடுக்கிய மலிவான கருவிகளால் அவன் கழுத்திற் சிறு பருக்கள் தோன்றின. வெட்டப்பட்ட சுருள்மயிர் தோலுக்குள் மடங்கி வளர்வதால் ஏற்படுவது இது. தகப்பனாரின் அலுமாரியிற் கிடந்த பழைய இரும்புச் சவரக்கருவியை எடுத்து மினுக்கினான். பன்றிமயிர்த் தூரிகை ஒன்றை வாங்கினான். இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒருவர், மருமகனின் ஆர்வத்தைக் கேள்வியுற்றுச் சவர்க்காரங்கள் சிலவற்றைப் பொதிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒப்பிடல் இவ்வாறு தொடங்கிற்று.

அவனிடம் நான்கு வகைகள் சேர்ந்தன. துருக்கி நாட்டின் ஆர்கோ என்னும் குச்சிச் சவர்க்காரம் ஒன்று. இதனை நேரே தாடியிலே தேய்த்துப் பின்னர் தூரிகையால் நுரையாக்கலாம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1908 இல் தொடங்கப்பட்ட மார்ற்றெல்லி நிறுவனத்தின் புரொறாசோ மற்றொன்று. யூக்கலிப்ரஸ் எண்ணெயும் மென்தோலும் கலந்த மென்மையான களி போன்றது. மூன்றாவது, இங்கிலாந்திற் செய்யப்பட்ட வட்டமான வன்கட்டி. நான்காவது, ஊர்க் கடையில் வாங்கிய தேங்காயெண்ணெய் மிகுந்த குளியற் சவர்க்காரம். நான்காவதைச் சவரத்திற்குரியதெனக் கொள்ள முடியாதாயினும், கடைக்குப் போய் வேறொன்றும் கிடையாதபோது பலரும் நாடுவது அதுவே என்பதால் அதனையும் சேர்த்துக்கொண்டான்.

இவற்றிடையே காணப்படும் வேறுபாட்டிற்குக் காரணம் கொழுப்பமிலங்களே. சவர்க்காரம் என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்து விளையும் பொருள். கொழுப்பின் அமைப்பைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரோல் 1823 இல் வெளியிட்ட நூல் தெளிவுபடுத்திற்று. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லோரிக் அமிலம் விரைவாகப் பெரிய குமிழிகளை எழுப்பும். அவை விரைவிலேயே உடைந்துவிடும். ஸ்ரியரிக் அமிலம் மெதுவாக எழும் நுண்ணிய, அடர்ந்த, நெடுநேரம் நிலைக்கும் நுரையைத் தரும். குளியற் சவர்க்காரத்திற்குச் சோடியக் காரம் பயன்படும். சவரச் சவர்க்காரத்திற் பொற்றாசியக் காரமும் சேர்க்கப்படுவதால் அது எளிதில் நீரிற் கரைந்து மென்மையான நுரையாகின்றது. குளிப்பவனுக்கு நுரை கண்ணுக்கு இனிமை தந்தாற் போதும். மழிப்பவனுக்கோ அது தாடியில் நீரைத் தாங்கி நிற்க வேண்டும். உலர்ந்த மயிர் கடினமானது; நீரை உறிஞ்சிப் பருத்த மயிர் சில நிமிடங்களில் மென்மையடைந்து எளிதில் வெட்டுப்படும். நுரையின் முதற் கடமை அந்நீரை ஆவியாகாமற் பிடித்துவைத்தலாகும்.

கொழுப்பைப் பற்றிய வினா வீட்டிலும் எழுந்தது. துருக்கிச் சவர்க்காரத்தின் சேர்க்கைப் பட்டியலில் முதலில் நின்றது விலங்குக் கொழுப்பு. அதில் ஸ்ரியரிக், பாமிற்றிக் அமிலங்கள் மிகுந்திருத்தலின் சவரத்திற்கு அது மிகவும் ஏற்றதென்பது மேலைநாட்டார் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஆனால் மரக்கறி உணவினரான சைவக் குடும்பத்தில் அது எளிதாக ஏற்கப்படுவதன்று. “இதுக்குள்ள என்ன கொழுப்பெண்டு பாத்தனியோ?” என்று அப்பாச்சி வினவினார். மாட்டுக் கொழுப்பு என்று தெரிந்ததும், அதனைச் சுவாமியறைப் பக்கமே கொண்டுவரலாகாதெனக் கட்டளையிட்டார். மாணவன் அதற்குப் பணிந்து, அதனைப் பேராதனை விடுதிக்கே உரியதாக்கிக்கொண்டான். ஒரு பொருளின் தரத்தை அளக்கும் கோல் கன்னத்தில் மட்டும் இல்லை. அதனைப் பயன்படுத்தும் வீட்டிலும் உள்ளது.

பேராதனையில் அவன் கொப்பி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு சவர்க்காரத்தையும் ஒரு கிழமை பயன்படுத்திக் குறிப்பெழுதினான். நுரை எழும் நேரம், அது நிலைக்கும் காலம், பிளேட் வழுக்கும் தன்மை, மழித்தபின் தோலின் நிலை என்பன அவன் கொண்ட அளவைகள். அங்கே ஆங்கிலக் கட்டி முதலிடம் பெற்றது. புரொறாசோவும் குச்சியும் அதனை நெருங்கி நின்றன. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கடைசியாயிற்று. அதன் நுரை ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்திற் காய்ந்து போயிற்று.

விடுமுறையில் விலங்குக் கொழுப்புக் குச்சியை விடுதியில் விட்டு, ஏனைய மூன்றுடன் அவன் ஊருக்குச் சென்றான். அதே தூரிகை, அதே பிளேட், அதே முகம். வரிசையோ தலைகீழாயிற்று. முதலிடம் பெற்ற கட்டி கிண்ணத்தில் வெண்ணிறக் கசடாகத் திரிந்து நின்றது. எத்தனை முறை தேய்த்தும் நுரை உடல் கொள்ளவில்லை. கடைசியில் நின்ற தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ கிணற்றடியில் ஓரளவு நுரைத்தது. இத்தாலியக் களி இரண்டிற்கும் இடைப்பட்டு நின்றது.

இதன் காரணம் நிலத்திற்குக் கீழே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்தது; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. மழைநீர் கல்லினூடே இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணறுகளிற் சேர்கின்றது. அது வன்னீர். கல்சியம் சவர்க்காரத்தின் கொழுப்பமிலத்தைப் பற்றிக்கொண்டு கரையாத கசடாக்கிவிடும். முதலில் இடப்படும் சவர்க்காரத்தின் ஒரு பகுதி நுரையாவதற்குப் பதிலாக நீரின் கல்சியத்தைத் தீர்ப்பதற்கே செலவாகின்றது. ஸ்ரியரிக் அமிலம் இவ்வகையில் எளிதிற் சிக்குவது. தேங்காயெண்ணெயின் அமிலங்கள் ஒப்பீட்டளவில் எதிர்த்து நிற்பவை. கடல்நீரிலும் நுரைக்கும் சவர்க்காரத்தை மாலுமிகளுக்குத் தேங்காயெண்ணெயிற் செய்தமைக்கு இதுவும் ஒரு காரணம். மலைநாட்டிலோ நீர் எளிதிற் கரையாத பழம் பாறைகள் மீது ஓடி வருகின்றது. பேராதனையை அணைத்துச் செல்லும் மகாவலியின் நீர் மென்னீர். சுண்ணாம்பு நிலத்து நீருக்கு மலைநாட்டுத் தீர்ப்பு பொருந்தாது.

இவ்விளக்கத்தை அவன் முதலிற் கேட்டது நூலகத்திலன்று, ஊர்ச் சந்தியிற் சலூன் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம். தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தபோது பேச்சு அதன் பக்கம் திரும்பிற்று. “சவுக்காரத்தில பிழையில்லைத் தம்பி. கிணத்துத் தண்ணியில நுரை நிக்காது. சுடவைச்சு ஆறவிட்டுத் தெளிஞ்சதை எடுங்கோ” என்றார் அவர். “இது உங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்?” என்று இவன் வினவினான். “எங்கட அப்பு மாரி மழையில தண்ணி பிடிச்சு மூடி வைப்பார். மாப்பிள்ளைக்கு முகச்சவரமெண்டால் அந்தத் தண்ணிதான்” என்று கூறிய முதியவர், உட்புறம் வெள்ளைப் பொருக்குப் படிந்த தம் கேத்தலைத் திறந்து காட்டினார். இவனுடைய பாட்டனார் காலத்தில் இவ்வீட்டார் அம்முதியவரின் தந்தையைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்திருப்பர். அவர் மழைநீர் சேர்த்தமைக்கான காரணத்தை யாரும் வினவியிருக்கமாட்டார்கள். அறிவு என்று அது கருதப்படவேயில்லை.

கேத்தலின் வெண்பொருக்குக் கல்சியம் காபனேற்று. கொதிக்கும்போது நீரிலுள்ள இருகாபனேற்று சிதைந்து, கல்சியம் படிந்துவிட, எஞ்சும் நீர் மென்மை பெறுகின்றது. இது நிலையில்லா வன்மைக்கே பொருந்தும். குளோரைட்டும் சல்பேற்றும் மிகுந்த கிணறுகளின் நிலையான வன்மை கொதிப்பதால் நீங்காது. கடற்கரையை அண்டிய உவர்க்கிணறுகளுக்கு மழைநீரே துணை. சில புதிய சவர்க்காரங்களில் ஈ.டி.ரி.ஏ. என்னும் சேர்மம் கலக்கப்படுவதும் கல்சியத்தைக் கட்டி வைப்பதற்காகவே. முதியவரின் கேத்தலும் அச்சேர்மமும் ஒரே பணியையே செய்கின்றன.

அதன்பின் மாணவன் ஒப்பிடும் முறையை மாற்றினான். சவர்க்காரத்தை மாற்றாது நீரை மட்டும் மாற்றினான்: கிணற்றுநீர், கொதித்துத் தெளிந்த நீர், மழைநீர். ஆங்கிலக் கட்டி கொதித்த நீரில் எழுந்து நின்றது. மழைநீரிற் பேராதனையில் நின்றதுபோலவே நின்றது. அடுத்து நீரை மாற்றாது தூரிகையில் ஏற்றும் சவர்க்காரத்தின் அளவை மாற்றினான். பத்து விநாடி தேய்த்த தூரிகைக்கும் முப்பது விநாடி தேய்த்த தூரிகைக்கும் இடையே இருந்த வேறுபாடு, இரு நாட்டுச் சவர்க்காரங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டிலும் பெரிதாயிருந்தது. நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நுரை தயிர்போல் மினுங்கும் வரை கிளறுவதும், முதலில் மயிர் வளரும் திசையிலேயே அழுத்தமின்றி மழிப்பதும், இறுதியிற் படிகாரக் கட்டியை ஈரமுகத்திற் தடவுவதும் கைக்குப் பழகிய பின்னர் கழுத்துப் பருக்கள் குறைந்தன. எல்லாச் சவர்க்காரங்களும் முன்னைவிட நல்லனவாயின.

இதிலிருந்து சவர்க்காரங்களிடையே வேறுபாடில்லை என்ற முடிவுக்கு வருதல் பொருந்தாது. மென்னீரும் பழகிய கையும் ஒத்திருக்கும்போது ஸ்ரியரிக் அமிலம் மிகுந்தவை மேலானவை என்பது தெளிவு. மணமும் குளிர்ச்சியும் அவரவர் விருப்பம். ஆயினும் புதிதாகத் தொடங்குவோன் ஒரே முறை மழித்துவிட்டு இது நன்று, இது தீது என்று கூறும்போது, அவன் தீர்ப்புக் கூறுவது நான்கு பொருள்களின் மீது: சவர்க்காரம், நீர், தோல், கை. மூன்றை நிலைநிறுத்தி ஒன்றை மாற்றும்வரை எதன் மீது தீர்ப்பு வந்ததென்பது அவனுக்கே தெரியாது. ஒப்பியல் நோக்கில் இலக்கியங்களையும் சமூகங்களையும் ஆராய்வோருக்கும் இது பொருந்தும். ஒரு நிலத்திற் பெற்ற அளவுகோலை மறு நிலத்தின் மீது வைக்கும்போது அடியில் ஓடும் நீரையும் கேட்டறிய வேண்டும்.

மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. பாதுகாப்புச் சவரக்கருவி மனிதனைப் பிறர் கையிலிருந்து விடுவித்தது. குடிமையின் தளையில் நின்றவரையும் அது ஓரளவு விடுவித்ததெனலாம். அவ்விடுதலை வரவேற்கத்தக்கதே. ஆயின் பிளேட்டைப் பெட்டியில் அடைத்து விற்றவர்கள் நீரைப் பற்றிய அறிவையும் விரலின் நிதானத்தையும் அதனுள் அடைத்துத் தரவில்லை. அவை தொழிலாளரிடமே தங்கின. இழிந்த தொழிலெனச் சமூகம் ஒதுக்கிவைத்ததனாலேயே அவற்றை எழுதிவைக்க எவரும் முயலவில்லை. இன்று இளைஞர் நூல்களிலிருந்தும் வெளிநாட்டுப் பொதிகளிலிருந்தும் அந்த அறிவை மீளத் தேடுகின்றனர். ஊர்ச் சந்தியிற் சலூனை நடத்தும் முதியோர் இன்னும் சிலர் உளர். மழைநீரை ஏன் மூடிவைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் கடமை கற்றோருக்கு உண்டு. அதற்குரிய காலமும் குறுகி வருகின்றது.