பேசாத ஃபைல்கள்

போன செமஸ்டரில் அக்கவுண்ட்ஸ் நோட்ஸ் முழுவதையும் மொபைலில் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி, வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். பெருமையாகத்தான் இருந்தது :-)

மறுநாள் என் பெஞ்சு நண்பன் மட்டும், "மச்சி, உன் ஃபைல் பேசவே மாட்டேங்குதுடா" என்றான்.

அவனுக்குப் பார்வை கிடையாது. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள்தான் அவனுக்குத் திரையை வாசித்துச் சொல்லும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். ஆனால் படமாக இருக்கும் பக்கத்தில் அதற்கு வாசிக்க எழுத்தே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதிகள் உண்டுதான்... என் கோழிக்கிறுக்கலை வைத்துக்கொண்டு அவை என்ன செய்யும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அதை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, எங்களுக்கு வந்த பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் நோட்ஸ். ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினால் 'அம்மா' என்ற சொல் 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று வருகிறது. பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு உள்ளே எல்லாம் ஆங்கில எழுத்து. யூனிகோடில் அடித்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. வீடியோ பாடமோ, "இதிலேருந்து இதைக் கழிச்சா இது வரும்" என்றது. எதிலிருந்து எதை?

தூக்கிவாரிப் போட்டது டிரயல் பேலன்ஸ்தான். ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்திய அட்டவணை அது. காதில் விழுவது இவ்வளவுதான்: "வட்டி 800, தள்ளுபடி 450". கொடுத்த தள்ளுபடியா, பெற்ற தள்ளுபடியா? நமக்குப் பற்றுப் பக்கமா வரவுப் பக்கமா என்று கண் சொல்லிவிடுகிறது. அவனுக்கு யார் சொல்வது? முதல் இன்டர்னலில் அவன் தள்ளுபடியை எதிர்ப்பக்கம் போட்டு மதிப்பெண்ணை விட்டான். "ஒழுங்காப் படிக்கலையாடா?" என்று கேட்டவன் நான்தான். சிரித்துவிட்டுப் போனான்.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றித்தர 2012லேயே காப்புரிமைச் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்றதும் இந்தியாதான். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தாயிற்று. எங்கள் வாட்ஸப் குழுவுக்குத்தான் எதுவும் வந்து சேரவில்லை!

நான்கு பாடங்களை யூனிகோடில், நிஜமான அட்டவணை போட்டு, மறுபடி அடித்தேன். இரண்டு வாரம் ஆனது. அனுப்பிய அரை மணி நேரத்தில் போன்.

"டேய், மூணாவது கணக்கு 900 உதைக்குது."

"நல்லாப் பாருடா, நான் சரியாத்தான் அடிச்சேன்."

"ஒன்பதால வகுபடுதுல்ல? இலக்கம் இடம் மாறியிருக்கும். வாடகையை எடு."

எடுத்துப் பார்த்தேன். 5,400க்குப் பதில் 4,500 என்று அடித்திருந்தேன்.