பனம்பூ இருந்தால் சொல்லுங்கள்

 

தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன ஞாயிறு மகளும் பேரனும் சென்னையிலிருந்து வந்து போனார்கள். பேரன் ஒன்றாம் வகுப்பு. ஆன்லைனில் வாங்கிய ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். உள்ளே அளவாக வெட்டிய காகிதம், பசை, எதை எங்கே ஒட்டவேண்டும் என்று எண் போட்ட படம். பத்து நிமிடத்தில் ஆந்தை ஒன்று தயார். "அடுத்து என்ன பாட்டி?" என்றான். ஆந்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்கவேண்டியதையெல்லாம் யாரோ யோசித்து முடித்துவிட்டார்கள், பிள்ளைக்கு மிச்சம் வைத்தது பசை தடவுகிற வேலையை மட்டும்.

"தீபத்துக்கு மாவளி செய்யலாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பயிற்சிப் பள்ளியில் படித்தபோது ஆதாரக் கல்வியைப் பற்றி பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். 1937-இல் வார்தாவில் காந்தி சொன்னது, கைத்தொழில் வழியாகவே பாடம் என்பதெல்லாம் மனப்பாடம். வேலைக்கு வந்த பிறகு கைவேலை என்றால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், காகிதக் கப்பல், அவ்வளவுதான். பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. அட்டைகள், ஏணிப்படி, சுவரோரம் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப்பந்தல். அந்தக் கம்பியில் தொங்கும் தன் படத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையின் முகம் இருக்கிறதே! அப்போது படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

2008 கார்த்திகை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏணிப்படியில் இன்னும் ஒன்றாம் வகுப்பு அட்டையிலேயே நின்றிருந்தான். தீபம் நெருங்கும்போது நான்கு நாள் ஆளையே காணோம். கண்டிக்கலாம் என்று வீடு தேடிப் போனேன். ஏரிக்கரையில் தாத்தாவோடு குழி வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் காய்ந்த பனம்பூ, விரல் விரலாக ஒரு குவியல்.

"எல்லா மரத்துலயும் இது கெடைக்காது டீச்சர், ஆண் பனைலதான். காய்க்கிற மரம் வேற" என்றான். பனையில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், மரத்தைக் காட்டி எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். தழல் நன்றாகப் பிடித்ததும் மண்ணைத் தள்ளி மூடினான்.

"ஏண்டா மூடுற?"

"மூடலன்னா நீறாப் பூடும் டீச்சர். மூடுனாத்தான் கரி."

காற்றுப் போகாவிட்டால் கரி, போனால் சாம்பல். இதைவிடச் சுருக்கமாக நான் பாடம் நடத்தியதில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று நாள் அவன்தான் வாத்தியார். கரியைப் பொடி செய்வது, பழைய பருத்தி வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டி நூலால் கட்டுவது, பனை மட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் அதை வைத்து இறுக்குவது, கயிறு கட்டுவது. கைகளெல்லாம் கரி. சட்டையிலும்தான், அம்மாக்கள் மன்னிக்கவும். வரிசை மாறாமல் படம் போட்டு அவரவர் கரும்பலகையில் பெயர் எழுதினார்கள். அவனும் எழுதினான். 'மாவளி' என்று. 'ள'வைப் போட்டுவிட்டு, சரியா என்று என்னைப் பார்த்தான். சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை மைதானத்தில் ஒன்றைப் பற்றவைத்துச் சுற்றினோம். பத்தடி தள்ளி நிற்கவேண்டும், ஈரச் சாக்கு பக்கத்தில் இருக்கவேண்டும் என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார். சாக்கு வைத்திருந்தேன். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தவில்லை, அவர்கள் குதித்த குதியில் நானும் மறந்துவிட்டேன். ஒரு பெண்ணின் பாவாடையில் பொறி பட்டு சுண்டைக்காய் அளவு ஓட்டை. உடம்பில் படவில்லை. ஆனாலும் மறுநாள் வீட்டிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள். போடத்தான் செய்வார்கள்.

என்னிடம் விளக்கம் எழுதிக் கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்று பயம். "மாணவன் ஒருவன் எனக்குத் தெரியாமல் கொண்டு வந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். அது காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் படிக்கப்படும் என்று நான் நினைக்கவில்லை. பெயர் சொல்லவில்லைதான். ஆனால் முந்நூறு கண்களும் அவனைத்தான் பார்த்தன. அவன் என்னைப் பார்த்தான்.

அதற்குப் பிறகும் பள்ளிக்கு வந்தான். கேட்டால் பதில் சொல்வான், தானாக ஒரு வார்த்தை பேசமாட்டான். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்வரை அப்படியே. நானும் அதைப் பற்றி எடுக்கவே இல்லை. அடுத்தடுத்த தீபங்களில் என் வகுப்பில் அகல்விளக்குக்கு வண்ணம் தீட்டினோம்.

இப்போது ஆட்டோ ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். உங்களில் சிலர் அவனோடு படித்தவர்கள், அதனால் பெயர் போடவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால்: அந்தக் கடிதத்தில் நான் எழுதியது பொய். கொண்டுவரச் சொன்னது நான். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கொல்லையிலோ ஏரிக்கரையிலோ ஆண் பனை இருந்தால் காய்ந்த பனம்பூ ஒரு பை எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். பழைய பருத்தி வேட்டி வீட்டில் இருக்கிறது. தீபத்துக்கு முந்தைய ஞாயிறு பேரன் வருகிறான். முடிந்தால் நீயும் வா தம்பி. குழி வெட்டிவிடுவேன், எந்த நேரத்தில் மண் தள்ளவேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.