இரண்டு அழைப்புக் கடிதங்கள்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எங்கள் மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை அழைப்புகள் வந்தன. அவள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தாள். இரண்டுமே பெயர்பெற்ற சட்ட நிறுவனங்கள். இரண்டுமே டெல்லியில் பணி. ஒன்று மாதம் ஒன்றரை லட்சத்துக்கு அருகில் தருவதாகச் சொன்னது. மற்றொன்று எண்பதாயிரம்.

நான் 1989-இல் ஸ்டெனோகிராபர் தேர்வெழுதித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து டெல்லிக்கு வந்தவன். என் முதற் சம்பளத்தில் பாதியை மணியார்டர் அனுப்பியவன். ஆகையால் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவுடனே என் மனதில் தீர்மானம் முடிந்துவிட்டது. அன்று இரவே ஊரிலிருக்கும் என் அண்ணனுக்கும், மைத்துனருக்கும், பக்கத்து வீட்டாருக்கும் தொகையைச் சொல்லிவிட்டேன். மகளிடம் மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, எனக்கு இரண்டாவதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது."

அன்றைய தினம் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கல்விக் கடனுக்காக ஊரில் இருக்கும் மனையை வங்கியில் ஈடாக வைத்திருக்கிறோம் என்பதையும், வட்டியோடு சேர்ந்து பன்னிரண்டு லட்சமாகிவிட்ட அந்தக் கடனுக்கு மாதம் சுமார் 13,000 ரூபாய் தவணை வரும் என்பதையும், எனக்குப் பணி ஓய்வுக்கு மூன்றே ஆண்டுகள்தான் இருக்கின்றன என்பதையும், அவளுடைய தம்பி இன்னும் பள்ளியில் படிக்கிறான் என்பதையும் நான் உரத்த குரலில் சொன்னேன் என்பது போதும். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

என்னுடைய அறியாமையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சட்ட நிறுவனம் என்றால் எனக்கு எல்லாம் ஒன்றுதான். 1917-இல் பம்பாயில் தொடங்கிய அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் 2015-இல் இரண்டு சகோதரர்களுக்கிடையே பிரிந்து, சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் என்று இரண்டாயிற்று என்பதைக்கூட மகள் சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை இரண்டும் ஒரே அலுவலகத்தின் இரண்டு கிளைகள் என்றே எண்ணியிருந்தேன். (எங்கள் மகளை அழைத்தவை எவை என்று நான் எழுதப்போவதில்லை, அது அவளுடைய தொழில் சம்பந்தப்பட்ட காரியம்.) நியமனக் கடிதத்தில் வருங்கால வைப்பு நிதியைப்பற்றி ஒரு வரியும் இல்லையே என்று கேட்டு அவளைச் சிரிக்கவும் வைத்தேன். தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதியாம். ஆகவே அவர்களுக்கு வருவது சம்பளமல்ல, தொழில்முறைக் கட்டணம். அதில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தருகிறார்கள்.

எங்கள் சபையில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சாத்தான்குளம் பக்கத்தவர். முப்பது ஆண்டுகளாக டெல்லி நீதிமன்றங்களில் முன்ஷி வேலை செய்கிறார். வழக்கறிஞர் குமாஸ்தாவை இங்கே முன்ஷி என்பார்கள். அவரிடம் போய் என் பாரத்தை இறக்கினேன். மகளுக்குப் புத்தி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் ஹைகோர்ட்டுக்கு வாங்க. யார் நின்று பேசுகிறார், யார் உட்கார்ந்து பேப்பர் எடுத்துக் கொடுக்கிறார் என்று பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்றார்.

மே மாதத்தில், கோடை விடுமுறைக்கு முன்னதாக, ஷேர்ஷா சாலையிலிருக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். அடையாள அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, ஒரு நீதிமன்ற அறையின் பின்வரிசையில் நாங்கள் மூவரும் அமர்ந்தோம். வழக்குப் பட்டியலின் எண்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஒரு பெரிய நிறுவன வழக்கு வந்தது. மூத்த வழக்கறிஞர் வேறொரு அறையில் இருந்தார். எங்கள் மகளைவிட ஐந்தாறு வயது கூடிய ஓர் இளைஞர் எழுந்து, "பாஸ் ஓவர் வேண்டுகிறேன், மை லார்ட்" என்றார். அதாவது, பட்டியலின் முடிவில் மறுபடியும் கூப்பிடுங்கள் என்று கேட்பது. நீதிபதி தலையசைத்தார். இளைஞர் அமர்ந்துவிட்டார். பிற்பகலில் மூத்த வழக்கறிஞர் வந்து நாற்பது நிமிடம் வாதாடினார். அந்த இளைஞர் அவருக்குப் பின்னால் நின்று, கொடி ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒருமுறைகூட அவருக்குக் கை தடுமாறவில்லை. கோப்பு முழுவதும் அவருடைய தலைக்குள் இருந்தது. ஆனால் நீதிபதி அவருடைய குரலைக் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அண்ணாச்சி விளக்கினார். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் மூத்த வழக்கறிஞர், ஏனைய வழக்கறிஞர் என்று இரு வகுப்புகளை வைத்திருக்கிறது. மூத்தவர் வக்காலத்துத் தாக்கல் செய்ய முடியாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் முடியாது. ஆகவே நிறுவனம் வழக்கை ஆயத்தம் செய்து அவர் கையில் கொடுக்கிறது. பெரிய தொகை சம்பந்தப்பட்ட வழக்கென்றால் கட்சிக்காரரே மூத்தவரைத்தான் கேட்பார். இது எந்த நிறுவனத்திலும் உண்டு. வித்தியாசம் சிறிய காரியங்களில்தான். இணைப் பதிவாளர் முன் ஆவணங்களை ஏற்பதும் மறுப்பதும், சாகேத்திலோ பாட்டியாலா ஹவுஸிலோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, இடைக்கால மனுவில் பத்து நிமிடம் வாதாடுவது, இவற்றை இளையவர்களிடம் விடுகிறார்களா, இல்லையா?

"அதைத்தான் அப்பா நான் இரண்டு இடத்திலும் கேட்டேன்" என்றாள் மகள். முதல் நிறுவனத்தில் கிடைக்கும் பயிற்சியை அவள் குறைவாகப் பேசவில்லை. பெரிய நடுவர் மன்ற வழக்குகள், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் வழக்குகள், நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சுருக்கி எழுதும் பழக்கம், இவை அங்கேதான் அதிகம். எழுத்துத்தான் வழக்கின் அஸ்திபாரம் என்று அவளுடைய ஆசிரியர் ஒருவரும் சொல்லியிருந்தாராம். ஆனால் எத்தனை ஆண்டில் நான் எழுந்து நின்று பேசலாம் என்று கேட்டதற்கு, அங்கே நேரான பதில் வரவில்லை. இரண்டாவது நிறுவனம் வழக்காடுவதை மட்டுமே செய்வது. அங்கே ஒரு பங்குதாரர், முதலாண்டிலேயே விசாரணை நீதிமன்றத்துக்கு அனுப்புவோம், திட்டு வாங்கிக்கொண்டு வருவாய் என்றாராம். அந்தப் பங்குதாரர் உச்ச நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகளாகப் பதிவு வழக்கறிஞர். உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பதிவு வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு. அதற்கு நான்கு ஆண்டு தொழில் அனுபவம், பின்பு பத்தாண்டுக்குக் குறையாத பதிவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சி, அதன் பின் தேர்வு. மகள் இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் எழுதியதோ இரண்டு தொகைகள் மாத்திரமே.

மூன்றாவது வழியும் உண்டு. ஒரு வழக்கறிஞரின் சேம்பரில் இளையவராகச் சேர்வது. வாதாடக் கற்க அதுவே பழைய வழி. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடனில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தகும். எங்களுக்குத் தகாது, மகளும் அதைக் கேட்கவில்லை. எண்பதாயிரத்தில் தவணை போக என்ன மிஞ்சும் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். வீட்டிலிருந்தே போய்வருவதால் வாடகை இல்லை. தம்பியின் கட்டணத்தில் பாதி தன் பொறுப்பு என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்தபின் நான் ஒன்றும் பேசவில்லை.

2023 ஆகஸ்டில் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்தாள். ஊருக்கு மறுபடியும் தொலைபேசியில் பேசி, முன்பு சொன்ன தொகை அல்ல என்று சொன்னது எனக்கு லேசாயிருக்கவில்லை. "ஏன், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா?" என்று என் அண்ணன் கேட்டார். இன்றைக்கும் அவர் அப்படித்தான் நம்புகிறார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதிவிட முடியாது. இரவு பதினொன்றுக்கு முன் வீடு திரும்பிய நாட்கள் முதலாண்டில் குறைவு. வணிக வழக்குகளில் எதிர்வாதத்தை 120 நாட்களுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். ஆகவே நாட்களை எண்ணுவதே இளையவர்களின் முதல் வேலை. ஒருநாள் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று நடுராத்திரியில் எழுந்து நாட்காட்டியைப் பார்த்தாள். சரியாகத்தான் எண்ணியிருந்தாள். சாகேத்தில் அவள் செய்த முதல் குறுக்கு விசாரணையில், கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டு, சாட்சி எதிரிக்குச் சாதகமாகப் பதில் சொல்லிவிட்டார். அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பங்குதாரர் மறுநாள் திட்டினார். ஆனால் அடுத்த சாட்சியையும் அவளிடமே விட்டார்.

அவளோடு படித்த தோழி ஒருத்தி அந்த முதல் நிறுவனத்தில்தான் சேர்ந்தாள். சந்தோஷமாக இருக்கிறாள், தன் கடனை முழுவதும் அடைத்தும் விட்டாள். நான் அதைக் கேட்ட இரவு, என்னுடைய பழைய சுருக்கெழுத்து நோட்டில், எங்கள் மகள் வேண்டாம் என்று விட்ட தொகையைக் கூட்டிப் பார்த்தேன். அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் அந்தக் கூட்டலை எழுதிவருகிறேன். சுருக்கெழுத்து வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்ற தைரியம்தான். போன மாதம் அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, "எண்களை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அப்பா" என்று சொல்லி, ஒரு கூட்டல் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.