திட்டு வாங்கும் ப்ளக்-இன்

வலைத்தளம் வைத்திருக்கும் சங்கத்துக்காரர்கள், ஞாயிறு வகுப்புக்காரர்கள் கவனத்துக்கு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம் திடீரென்று படுத்துவிட்டால், பிழைச்செய்தியில் ஏதாவது ஒரு ப்ளக்-இன் பெயர் இருக்கும். (செருகுநிரல் என்று எழுத ஆசைதான். போனில் அப்படிச் சொன்னால் மறுமுனையில் சத்தமே இருப்பதில்லை :-)) உடனே அதை எழுதியவனைத் திட்டுவோம். பல நேரம் கோளாறு அதற்கும் அடியில், சர்வரில் ஓடும் பழைய பி.எச்.பி.யில் இருக்கும்.

எங்கள் அகமதாபாத் கதை இது. மணிநகர் பக்கம் நடக்கும் தமிழ் வகுப்புக்கு 2014-ல் ஒரு பையன் வேர்ட்பிரஸ்ஸில் தளம் போட்டுக் கொடுத்துவிட்டு, கனடா போய்விட்டான். அதிலிருக்கும் ஒரே சொத்து எங்கள் டீச்சர் மாமியின் குரல். பாடம் பாடமாகப் பேசிப் பதிவு செய்து வைத்தார். 2021-ல் காலமாகிவிட்டார். தெருவில் குஜராத்தி, பள்ளியில் இந்தி என்று வளரும் பிள்ளைகளுக்கு 'ழ' வந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

2023 ஜூனில், அந்த ஒலிப்பதிவுகளை ஓடவைக்கும் ப்ளக்-இன் 'புதுப்பிக்கவா?' என்று கேட்க, செயலாளர் அண்ணாச்சி அமுக்கினார். தளம் முழுக்க வெள்ளைத் திரை. ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டால் ப்ளக்-இன்காரரைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களைக் கேட்டால் ஹோஸ்டிங்கைக் கேளுங்கள் என்றார்கள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பந்தாட்டம் புதுசா என்ன, நாங்கள் ஆடாத ஆட்டமா!

"மாமி குரல் போயிடுச்சா சார்?" என்று ஒரு அம்மா போன் செய்தார். அதைத்தான் முதலில் பார்த்தேன். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் 'அப்லோட்ஸ்' ஃபோல்டருக்குள் எல்லா ஒலிக்கோப்பும் பத்திரமாக இருந்தது. ப்ளக்-இன் செத்தாலும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அத்தனையையும், டேட்டாபேஸையும் சேர்த்து, பென் டிரைவில் இறக்கிக்கொண்டபிறகுதான் வேறு எதையும் தொட்டேன்.

அடுத்து அந்த ப்ளக்-இன் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பெயர் மாறினால் வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் விட்டுவிடும். தளம் எழுந்தது, குரல் மட்டும் இல்லை.

சர்வரின் பிழைப் பதிவேட்டில் ஒரே வரி: எதிர்பாராத இடத்தில் கேள்விக்குறி. இரண்டு கேள்விக்குறியைச் சேர்த்து எழுதும் முறை, 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7.0-ல் பிறந்தது. 'இது இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் அதை எடு' என்று அர்த்தம். எங்கள் சர்வரில் இருந்ததோ 5.6. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த தாத்தா புது 'லை'யைப் பார்த்தால் ஊகித்துவிடுவார். கணினி ஊகிக்காது, அங்கேயே நின்றுவிடும்.

வேர்ட்பிரஸ் 5.2 (2019) முதல், பி.எச்.பி. போதாத ப்ளக்-இன்னை இயக்கவே விடாது. எங்களுடையது 4.9. காவல்காரன் இல்லாத வீடு.

பழைய ப்ளக்-இன்னையே திரும்பப் போடலாமே என்றார் அண்ணாச்சி. போடலாம், அன்றைக்கே ஓடியிருக்கும். ஆனால் அது கணக்கு டேலி ஆகவில்லை என்று சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பர் 31-உடன் நின்றுபோனது. ஏ.டி.எம்.களில் கூட இதே கதைதான். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. 2018-ல் ரிசர்வ் வங்கி கெடு வைத்துச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

சரி, ஒரேயடியாகப் புதுசுக்குத் தாவலாமா என்றால் அதுவும் கூடாது. தளத்தின் நகல் ஒன்றைத் துணை முகவரியில் வைத்து 8-ஐப் போட்டுப் பார்த்தேன். பையன் போட்ட தீம் விழுந்தது. அதிலிருந்த ஒரு கட்டளை 7.2-லேயே 'இனி வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்டு, 8.0-ல் நீக்கப்பட்டது. ஆகவே வரிசை முக்கியம். 5.6-ல் இருந்தபடியே வேர்ட்பிரஸ்ஸை 6.2-க்கு ஏற்றினேன். பிறகு பி.எச்.பி.யை 7.4-க்கு மாற்றினேன். எச்சரிக்கைகள் பதிவேட்டில் குவிந்தன, தளம் ஓடியது. ப்ளக்-இன் ஃபோல்டருக்குப் பழைய பெயரைக் கொடுத்தேன். மாமி பேசினார்.

7.4-க்கும் ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் அங்கே தங்க முடியாது. தீமை மாற்றிவிட்டு 8.2-க்குப் போக இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை.

உங்கள் தளத்தில் நிர்வாகப் பக்கம் போய், கருவிகள் பகுதியில் 'தள நலம்' என்பதைத் திறந்தால் பி.எச்.பி. எத்தனை என்று தெரியும். சங்கத்தின் டைரியில் டொமைன் புதுப்பிக்கும் தேதி, ஹோஸ்டிங் பணம் கட்டும் தேதி இரண்டும் முன்பே இருந்தன. கீழே மூன்றாவதாக எழுதி வைத்திருக்கிறேன்: பி.எச்.பி. 8.2, 2026 டிசம்பர் 31 வரை.