தொலைந்த ஒன்று

9007199254740993. சோதனைப் பலகையின் நினைவகத்தில் இருந்த எண் இதுதான். நிரலின் பிழை தேடும் கருவியான எங்கள் டீபக்கர் காட்டியதோ 9007199254740992. நிரல் ஒப்பிடும் இரண்டு மாறிகளுக்கும் திரையில் ஒரே மதிப்பு. நிரலோ இரண்டும் சமமில்லை என்று வேறு கிளைக்குப் போகிறது. பினாங்கின் பாயான் லெப்பாசில் சிப் சோதனைக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கலக்கம் இல்லை. கம்பைலரைச் சந்தேகிப்பார்கள், சிப்பைச் சந்தேகிப்பார்கள். சாட்சி சொல்லும் கருவியை யாரும் சந்தேகிப்பதில்லை. இரண்டாவது பாலத்தைக் கடந்து பைராம் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒன்று எங்கே போனது என்றே யோசித்தேன்.

பலகையில் இருந்தது, 1980-இல் இன்டெல் 8087-உடன் வந்த 80 பிட் வடிவம். இலக்கங்களுக்கு அதில் 64 பிட். டபுள் என்னும் வழக்கமான மிதவை எண் வடிவத்தில் 53 மட்டுமே. டீபக்கர் ஓடிய ஆர்ம் மடிக்கணினிக்கு 80 பிட் தெரியாது. ஆகவே மதிப்பை முதலில் டபுளாக்கி, பிறகு அச்சிட்டது. 11 பிட் அங்கேயே உதிர்ந்தது. 9007199254740992-க்கு மேல் ஒற்றைப்படை எண்ணுக்கு டபுளில் இடமே கிடையாது.

அச்சிடும் இலக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார் குழுவில் ஒருவர். உதிர்ந்த பிட் அச்சில் திரும்பி வராது. ஆகவே மடிக்கணினியின் மிதவை எண்களை மதிப்பைப் படித்து அச்சிடும் பாதையிலிருந்தே விலக்கினேன். குறி, அடுக்கு, இலக்கப் பகுதி மூன்றையும் பைட்டுகளிலிருந்து முழு எண்களாகவே பிரித்தேன். அடுக்கில் 16383-ஐக் கழிக்க வேண்டும். டபுளில் முதல் 1 எழுதப்படாமல் மறைந்திருக்கும். 80 பிட்டில் வெளிப்படையாக நிற்கும். டபுளுக்கு எழுதிய நிரலை நீட்டிப் பயன்படுத்துகிறவர்கள் இடறும் இடம் அது. கணக்குக்கு, மிகத் துல்லியமான மிதவை எண் கணக்குக்கென உள்ள எம்பிஎஃப்ஆர் நூலகம். 2018 சனவரியில் வெளிவந்த ஜிடிபி டீபக்கரின் 8.1 பதிப்பும், இரு கணினிகளின் வடிவங்கள் வேறுபடும்போது அதே நூலகத்தைத்தான் நாடியது.

மதிப்பை நினைவகத்தில் எழுதும் திசையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். டீபக்கரில் 0.1 என்று தட்டினால் அது நேராக 80 பிட்டுக்குப் போக வேண்டும். டபுள் வழியாகப் போனால், அதே வடிவத்தில் நிரல் வைத்திருக்கும் 0.1-உடன் பொருந்தாது.

முறையான எந்த எண்ணையும் அச்சிட்டு, அச்சிட்டதையே திரும்பப் படித்தால் அதே பத்து பைட் வர வேண்டும். இதுதான் இப்போது எங்கள் சோதனை. அதற்கு 21 இலக்கம் தேவை. திரையில் அகலம் போதவில்லை என்கிறார்கள். நிரல் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளட்டும். அந்த 21-இல் ஒன்றையும் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன்.