யாழ்ப்பாணம் போனால் ஒரு பத்திரிகை வாங்குங்கள்



யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலாப் போகும் நம் குடும்பங்கள் இப்போது அதிகம். பாடசாலை விடுமுறை வந்தால் புத்தளம், கண்டி, அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறார்கள். கோட்டையைப் பார்க்கிறார்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்க விடுகிறார்கள். சோனகத் தெருப் பக்கம் போய் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு, பனங்கட்டியும் கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஊர்க் கடைகளில் தொங்கும் இன்னொரு பொருளை அநேகர் வாங்குவதில்லை. அன்றைய யாழ்ப்பாணப் பத்திரிகையைத்தான் சொல்கிறேன்.

"பத்திரிகை நம் ஊரிலும் கிடைக்கிறதே!" என்பீர்கள். நம் ஊருக்கு வருவது கொழும்பில் அச்சாகும் பத்திரிகை. யாழ்ப்பாணமோ தனக்கென நாளிதழ்களை வைத்திருக்கும் ஊர். அதன் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஒழுங்கையில் மின்சாரம் தடைப்படும், எந்தப் பாடசாலையில் பரிசளிப்பு விழா, யாருடைய அடையாள அட்டை தொலைந்தது, எந்தக் காணி விற்பனைக்கு வருகிறது என்றெல்லாம் இருக்கும். மரண அறிவித்தல்களும் 31ஆம் நாள் நினைவஞ்சலிகளும் படத்துடன் வரிசையாக இருக்கும். ஓர் ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அது.

இந்த வழக்கம் அங்கே பழையது. 1841ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யை ஆரம்பித்தார்கள். இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை அதுவே. 1889இல் சைவர்கள் 'இந்து சாதனம்' தொடங்கினார்கள். இடையில் 1882இல் கண்டி தந்த நம் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்த முன்வந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தன் விடயத்தைத் தானே எழுதி வைக்காத சமூகத்தைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதுவார்கள் என்பதை அக்காலத்துப் பெரியவர்கள் விளங்கியிருந்தார்கள்.

யாழ்ப்பாணப் பத்திரிகைகள் பட்ட பாடும் சாதாரணமல்ல. 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' அலுவலகம் 1981 ஜூன் மாதம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில்தான் 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிக்கப்பட்டது. 1985இல் வந்த 'உதயன்' அலுவலகத்துக்குள் 2006 மே 2ஆம் திகதி ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2013 ஏப்ரலில் அதன் அச்சியந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பத்திரிகைத் தாள் கிடைக்காதபோது பக்கங்களைக் குறைத்து, கிடைத்த தாளில் அச்சிட்டார்கள். அப்படியும் காலையில் பத்திரிகை வந்தது.

இவ்வளவையும் தாண்டி வந்த பத்திரிகைகள் இன்று வேறொரு வகையில் மெலிந்து வருகின்றன. இதற்கு ஆயுததாரி யாரும் தேவைப்படவில்லை. நம் கையிலுள்ள தொலைபேசியே போதுமாகிவிட்டது.

பத்திரிகை எப்படி உயிர் வாழ்கிறது என்பதை வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் கொடுக்கும் விலை தாளுக்கும் மைக்குமே போதாது. மீதியைச் சுமப்பவை விளம்பரங்கள். ஊர்ப் பத்திரிகைக்குப் பெரிய கம்பனி விளம்பரங்கள் குறைவு. மரண அறிவித்தல், மணமகன் தேவை, வீடு வாடகைக்கு, தையல் வகுப்பு ஆரம்பம் போன்ற சிறு விளம்பரங்கள்தான் அதன் சோறு. அவையெல்லாம் இன்று காசில்லாமல் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போகின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல வீடுகளில் பத்திரிகை நின்றது. பிறகு திரும்ப வாங்காத வீடுகள் எத்தனையோ! 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் தாள் இறக்குமதியே சிக்கலானது. அவ்வருடம் மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையைத் தாள் இல்லாமல் பிற்போட்டது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதே மாதம் கொழும்பின் பெரிய நிறுவனமொன்றே தன் சனிக்கிழமைப் பத்திரிகைகளை அச்சிடாமல் இணையத்தில் மட்டும் வெளியிட்டது. அப்படியானால் ஊர்ப் பத்திரிகையின் நிலை என்ன?

"போனால் போகட்டும், செய்திதான் உடனுக்குடன் போனில் வருகிறதே" என்று ஒரு சகோதரி கேட்கலாம். அவருக்குச் சோனகத் தெருவில் பிறந்த ஒரு மூத்த ராத்தாவின் விடயத்தைச் சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000 பேருக்கும் அதிகம். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், காணி உறுதி எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தவர்களில் இந்த ராத்தாவும் ஒருவர். அவர் கையோடு கொண்டுவந்த துஆக் கிதாபுக்குள் மடித்து வைத்த ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. அவருடைய வாப்பாவின் ஜனாஸா அறிவித்தல். நான்கு விரல் அகலம்தான் இருக்கும். வாப்பாவின் பெயர், அவர் நடத்திய இரும்புக்கடை, வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், பிள்ளைகள், மருமக்கள் பெயர், திகதி எல்லாம் அதில் இருந்தன. புத்தளத்து அகதி முகாமில் அந்தத் துண்டு 20 வருடம் இருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது, விண்ணப்பத்தோடு அதன் பிரதியையும் ராத்தா சேர்த்துக் கொடுத்தார். காணி உறுதிக்கு அது ஈடாகாது என்பது அவருக்கும் தெரியும். "மகன், நாங்க இங்க இருந்தோம் எண்டு எங்களைத் தவிர வேற ஆராவது சொல்லணுமே. இந்தப் பேப்பர் சொல்லுது" என்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சென்ற மாதம் உங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்த ஜனாஸா அறிவித்தல் எங்கே? இருநூறு பேர் துஆச் செய்து பதில் போட்டார்கள். போன் நிறைந்ததும் அழித்துவிட்டோம். 30 வருடம் கழித்து நம் பேரப்பிள்ளை அதை எங்கே போய்த் தேடும்?

இன்னொரு விடயமும் இருக்கிறது. மத்ரஸாவில் நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, ஒரு தகவலை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று பார்க்க வேண்டும் என்பதே. ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு முகவரி உண்டு. பிழையாக எழுதினால் வாசலில் போய்க் கேட்கலாம். போனில் வரும் செய்திக்கு வாப்பா பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலந்த கதையைப் பரப்பியது யார்? மார்ச்சில் திகனையில் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கமே முடக்க வேண்டி வந்தது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது.

பத்திரிகையும் பொய் சொல்வதில்லையா? சொல்லும். 2019 மே மாதம் ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் போட்டது. பின்னர் அந்த வைத்தியர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டார். பத்திரிகை என்பதற்காகக் கண்ணை மூடி நம்பச் சொல்லவில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குத் திகதியோடு ஒரு தாள் சாட்சியாக இருக்கிறது. எழுதியது யார் என்று கேட்க ஓர் இடமும் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, முன்பு வாப்பாமார் வாசித்து முடித்தபின் நம் பெண்கள் கைக்குப் பத்திரிகை வந்தது. இன்று செய்தி நேரே உங்கள் கைக்கு வருகிறது. அதை அடுத்தவருக்கு அனுப்புவதும் நிறுத்துவதும் உங்கள் விரலில். ஓர் ஆசிரியர் பார்த்த வேலையை நீங்கள் பார்க்கிறீர்கள். மூலம் தெரியாததை அனுப்பாதீர்கள். உங்கள் ஊரில் சிறு பத்திரிகையோ பாடசாலை மலரோ பள்ளிவாசல் வெளியீடோ வந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். வீட்டில் ஒரு பிறப்பு, திருமணம், மௌத்து நடந்தால் போனில் போடுவதோடு நில்லாமல் தாளிலும் ஓர் அறிவித்தல் கொடுங்கள். அதை வெட்டி, திகதி எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பனங்கட்டியோடு ஒரு பத்திரிகையும் வாங்கி வாருங்கள். வேனில் திரும்பும்போது, அதிலுள்ள சின்ன அறிவித்தல்களைப் பிள்ளைகளைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். ஓர் ஊர் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கும். நம் ஊர்களின் ஞாபகத்தை அல்லாஹ் பாதுகாப்பானாக!